மானிடோபாவின் பழைய கிராமத் தேவாலயத்தைப் படமெடுக்க: இலையுதிர் காலத்தில் ஒரு நாள் பயணம்

கனடாவின் மானிடோபா மாகாணத் தலைநகரான வின்னிபெக்கில் முதல் இலையுதிர் காலத்தைப் பார்க்கிறவர்கள் கேமராவை எடுத்துக்கொண்டு நேராகப் பூங்காவுக்குத்தான் போவார்கள். நானும் முதல் வருடம் அங்கேதான் போனேன். மஞ்சள் இலைப் படங்கள் நிறையச் சேர்ந்தன. அடுத்த வருடம் தெற்கே அமெரிக்க எல்லைப் பக்கம் வண்டியை ஓட்டிப் போய், புல்வெளிக்கு நடுவே தனியாக நிற்கும் ஒரு மரத் தேவாலயத்தின் முன்னால் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். இந்த நிலம் எனக்குப் புரிய ஆரம்பித்தது அன்றைக்குத்தான். அப்படி ஒரு நாளுக்கு நீங்கள் எப்படித் தயாராவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு தேவாலயம் போதும். ஒரே நாளில் ஐந்தாறு இடம் பார்த்துவிடலாம் என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டு கிளம்பிய நாளும் எனக்கு உண்டு. ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம் நின்றேன். எல்லாவற்றுக்கும் தவறான நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், வைத்துக்கொள்ளத் தக்க படம் ஒன்றுகூட இல்லை.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது

கார்டன்டன் என்ற சிற்றூருக்கு அருகே இருக்கும் புனித மிக்கேல் உக்ரேனிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். 1899-ல் முடிந்த கட்டடம். கனடாவில் இன்றும் நிற்கிற உக்ரேனியத் தேவாலயங்களில் மிகப் பழையது இது என்கிறார்கள். தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவித்திருக்கிறார்கள்.

அதை யார் கட்டினார்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள். படம் மாறும். அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கீழ் இருந்த புக்கோவினாவிலிருந்தும் கலீசியாவிலிருந்தும் உக்ரேனிய விவசாயக் குடும்பங்கள் 1896 முதல் இந்த ஸ்டுவர்ட்பர்ன் வட்டாரத்துக்கு வந்தன. 10 டாலர் பதிவுக் கட்டணத்துக்கு 160 ஏக்கர் நிலம் என்பது அன்றைய கனடா அரசின் அழைப்பு. கருப்பு மண் நிறைந்த திறந்தவெளி நிலங்களில் பலவற்றில் முன்பே ஆள் குடியேறியிருந்தார்கள். இவர்கள் வந்த இடத்தில் கல்லும் சதுப்பும் புதர்க்காடும்தான். ஆனால் இவர்களுக்கு மரம் வேண்டியிருந்தது. வீடு கட்ட மரம், அடுப்புக்கு மரம், வேலிக்கு மரம். சொந்த ஊரில் விறகுக்குக்கூட ஜமீனிடம் கையேந்தி வாழ்ந்தவர்களுக்கு மரம் நிற்கும் நிலம்தான் செல்வமாகத் தெரிந்தது. அந்த மரத்தை வெட்டி அடுக்கி, இடுக்கில் மண் குழைத்துப் பூசி, வந்த சில வருடங்களுக்குள் தேவாலயத்தையும் எழுப்பிவிட்டார்கள். இன்று வெளியே தெரியும் பலகைக்கு உள்ளே இருப்பது அந்த மரக்கட்டைச் சுவர்தான். கூரையில் தெரியும் குவிமாடங்கள் பிறகு வந்தவை.

இந்த மாதிரித் தேவாலயங்களில் மணிக் கோபுரம் கட்டடத்தோடு ஒட்டியிருக்காது. சில அடி தள்ளித் தனியாக நிற்கும். இங்கேயும் அப்படித்தான். சிலுவையில் மூன்று குறுக்குக் கட்டைகள், கீழ்க்கட்டை சாய்வாக இருக்கும். அருகிலேயே கல்லறைத் தோட்டம், பழைய கற்களில் உக்ரேனிய மொழிக்கான சிரிலிக் எழுத்து. இவை எல்லாம் படச் சட்டத்துக்குள் எப்படி வரவேண்டும் என்று வீட்டிலேயே கொஞ்சம் யோசித்துவிட்டுப் போகலாம்.

அவ்வளவு தூரம் போகும் முன்னால் ஒத்திகை பார்க்க விரும்பினால், நகரத்துக்கு வடகிழக்கே பேர்ட்ஸ் ஹில் பூங்காவைத் தாண்டி குக்ஸ் கிரீக் இருக்கிறது. அங்கே பிலிப் ரூ என்ற பாதிரியார் வடிவமைத்து 1930-ல் வேலை தொடங்கிய பெரிய உக்ரேனியக் கத்தோலிக்கத் தேவாலயம் உண்டு. அரை நாளில் போய் வந்துவிடலாம். பிரம்மாண்டமான கட்டடம்தான். ஆனால் எனக்கு மனதில் நிற்பது கார்டன்டனில் இருக்கும் அந்தச் சின்னதுதான்.

எந்த வாரம் போவது

செப்டம்பர் கடைசி பத்து நாள். ஆஸ்பென் மரங்கள் முழு மஞ்சளுக்கு வரும் காலம் அது. ஒரு பலத்த காற்று அடித்தால் இரண்டே நாளில் எல்லாம் கொட்டிவிடும், அதனால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். விட்டுவிட்டாலும் பரவாயில்லை. அக்டோபர் முதல் வாரங்களில் டாமரக் மரம் பொன்னிறமாகும். ஊசியிலை மரம்தான், ஆனால் இலையை உதிர்க்கும். சதுப்பு ஓரங்களில் தேடுங்கள்.

மரத்தைவிட நான் புல்லுக்காகப் போகிறேன் என்பதே உண்மை. டால்ஸ்டாய், கார்டன்டன் பக்கத்தில் உயர்புல் வெளிக் காப்பகம் ஒன்று இருக்கிறது. மானிடோபாவில் ஒரு காலத்தில் பரந்திருந்த உயர்புல் வெளியில் நூற்றில் ஒரு பங்குகூட இன்று மிச்சமில்லை. மிச்சம் இருப்பதில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில்தான். பிக் புளூஸ்டெம் என்ற புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, செப்டம்பரில் செம்பும் ஒயினும் கலந்த நிறத்துக்கு மாறும். தேவாலயத்தைக் கட்டியவர்கள் வந்து இறங்கியபோது கண்ணில் பட்ட புல் இது. காலையில் வெளிச்சம் சாய்வாக இருக்கும்போதே ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள்.

வெளிச்சம் எப்போது, எந்தப் பக்கம்

இதைத்தான் புதிதாக வருகிறவர்கள் கவனிப்பதில்லை. கிழக்கத்திய மரபுத் தேவாலயங்களில் பீடம் கிழக்கே இருக்கும், வாசல் மேற்கே இருக்கும். ஆக, முகப்பில் வெயில் விழுவது பிற்பகலில்தான். காலை எட்டு மணிக்குப் போய் வாசலை எடுத்தால் அது நிழலில் கிடக்கும், பின்னால் வானம் வெளுத்துக்கிடக்கும். பெரும்பாலான இடங்களில் இந்தக் கணக்கு சரியாக வரும். இருந்தாலும் கிளம்பும் முன்னால் செயற்கைக்கோள் வரைபடத்தில் கட்டடம் எந்தத் திசையில் கிடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

செப்டம்பர் 22, 23 வாக்கில் சூரியன் நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும். அந்த வாரம் சாயங்கால வெயில் வாசல் கதவில் நேருக்கு நேர் விழும். கதவின் நிறம், கண்ணாடி, சிலுவை எல்லாம் பளிச்சென்று வரும். ஆனால் முகத்துக்கு நேராக விளக்குப் பிடித்த மாதிரி தட்டையாகவும் இருக்கும். அக்டோபரில் சூரியன் மேற்குக்குச் சற்றுத் தெற்கே இறங்கும். அப்போது வெளிச்சம் தெற்குச் சுவரை உரசிக்கொண்டு போகும். ஒவ்வொரு பலகையின் விளிம்பும், உரிந்த வண்ணமும், ஆணித் தலையும் தனித்தனியாகத் தெரியும். இரண்டில் எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான்.

நம் ஊரில் படமெடுத்துப் பழகியவர்களுக்கு இன்னொரு விஷயம். சென்னையில் சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக இறங்குகிறது. பொன் வெளிச்சம் வந்தது தெரிவதற்குள் போய்விடும். இங்கே 49-வது அட்சரேகைக்கு அருகில் அது சாய்ந்து சாய்ந்து இறங்குகிறது. ஊரில் 25 நிமிடம் கிடைக்கும் வெளிச்சம் இங்கே 35, 40 நிமிடம் நீடிக்கும். மறைந்த பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் வானத்தில் நிறம் இருக்கும். அவசரப்பட வேண்டாம். நடுப்பகலிலும் சூரியன் ஏறக்குறைய 40 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அதனால் உச்சி வெயில் என்று நாம் ஒதுக்கி வைக்கும் நேரத்திலும் இங்கே வேலை பார்க்கலாம்.

செப்டம்பர் 25 வாக்கில் சூரிய உதயமும் மறைவும் ஏறக்குறைய காலை 7.15, மாலை 7.15. அக்டோபர் 10-க்குள் அது 7.40, 6.45 என்று சுருங்கிவிடும். ஒரு நாள் திட்டம் என்றால், காலையில் புல்வெளியும் தேவாலயத்தின் கிழக்குப் பக்கமும், பகலில் கல்லறைத் தோட்டமும் சிறு விவரங்களும், சாயங்காலம் முகப்பு. இந்த வரிசை எனக்கு எப்போதும் சரியாக வந்திருக்கிறது.

வண்டியும் வழியும்

வின்னிபெக்கிலிருந்து 59-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்துத் தெற்கே போங்கள். செயின்ட் பியேர், செயின்ட் மாலோ தாண்டி டால்ஸ்டாய் வரும். அங்கே 209-ஆம் சாலையில் கிழக்கே திரும்பினால் கார்டன்டன். மொத்தம் 100 கிலோமீட்டரும் கொஞ்சமும். பெட்ரோலை செயின்ட் மாலோவுக்குள் நிரப்பிவிடுங்கள். அதற்கப்புறம் பங்க் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

பெரிய சாலையை விட்டு இறங்கியதும் சரளைச் சாலை. நிலம் மொத்தத்தையும் ஒரு மைல் சதுரங்களாக அளந்து வைத்திருக்கிறார்கள், சாலையும் அந்தக் கோட்டில்தான் ஓடும். பெயர்ப் பலகையில் ‘ரோடு 5 நார்த்’ என்று இருந்தால் அமெரிக்க எல்லையிலிருந்து 5 மைல் வடக்கே இருக்கிறீர்கள் என்று பொருள். ‘ஈஸ்ட்’ என்று இருந்தால் வின்னிபெக்குக்குச் சற்று மேற்கே ஓடும், நில அளவைக்கான முதன்மைத் தீர்க்கரேகையிலிருந்து அத்தனை மைல் கிழக்கே. போனில் சிக்னல் போனாலும் இந்த இரண்டு எண்ணையும் வைத்து எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம். வடக்கு எண் ஒன்று, இரண்டு என்று குறைந்துகொண்டே போனால் திரும்பிவிடுங்கள். எல்லையில் வேலியோ சுவரோ இருக்க வேண்டும் என்று இல்லை, சில இடங்களில் ஒரு வாய்க்கால்தான். வேலை அனுமதியிலோ படிப்பு அனுமதியிலோ இருப்பவர்கள் தெரியாமல் தாண்டினாலும் தொல்லை. போன் அமெரிக்கக் கோபுரத்தைப் பிடித்துக் கட்டணம் ஏறும் என்பதால் ரோமிங்கையும் அணைத்து வையுங்கள். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள்.

சரளையில் 60, 70 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக வேண்டாம். திடீரென்று பிரேக் போட்டால் வண்டி வழுக்கும். எதிரே லாரி வந்தால் வேகத்தைக் குறைத்து ஓரம் போங்கள், ஆனால் விளிம்புவரை போகாதீர்கள், அங்கே மண் இளகியிருக்கும். மழை பெய்த மறுநாள் மண் சாலைக்குள் நுழையவே வேண்டாம். செவ்வாற்றுப் பள்ளத்தாக்கின் களிமண்ணை இங்கே ‘கம்போ’ என்கிறார்கள், அது டயரைச் சுற்றி மாவு போல் அப்பிக்கொண்டால் நான்கு சக்கர ஓட்டம் உள்ள வண்டிகூட நகராது. வாடகைக் கார் என்றால், சரளைச் சாலையில் ஓட்ட ஒப்பந்தம் இடம் கொடுக்கிறதா என்று படித்துவிட்டுக் கிளம்புங்கள். என் நண்பர் ஒருவர் படிக்காமல் போய்க் கண்ணாடிக் கீறலுக்குப் பணம் கட்டினார்.

காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். சூடான புகைக்குழாய் பட்டால் தீப்பிடிக்கும். அந்தக் காற்றில் தீ தேவாலயம்வரை போக எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். 120 வருடத்துக்கு மேலான மரம் அது.

யாரிடம் கேட்பது

பூட்டியிருக்கிறது, புல் வளர்ந்திருக்கிறது, ஆளில்லை. அதனால் கைவிடப்பட்ட இடம் என்று முடிவு கட்டாதீர்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் பூசை நடக்கும், ஆனாலும் அதைத் தங்கள் கோயில் என்று சொல்லும் குடும்பங்கள் பக்கத்தில் இருக்கின்றன. கல்லறையில் கிடப்பது அவர்களுடைய பாட்டன் பாட்டி. மானிடோபாவில் தனியார் நிலத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது சட்டப்படி குற்றமும்கூட. சாலையிலிருந்து எடுப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. வளாகத்துக்குள் போகவேண்டும், உள்ளே பார்க்கவேண்டும் என்றால் கேட்க வேண்டும்.

கேட்பது கடினமே இல்லை. வாசலிலோ அறிவிப்புப் பலகையிலோ தேவாலயத்தாரின் தொடர்பு எண் இருந்தால் ஒரு வாரம் முன்னால் கூப்பிடுங்கள். இல்லையென்றால் பக்கத்துப் பண்ணை வீட்டுக்குப் போய், நாய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கதவைத் தட்டுங்கள். யார், எங்கிருந்து வந்திருக்கிறீர்கள், எதற்குப் படம் என்று நேராகச் சொல்லுங்கள். நான் ஒருமுறை அப்படி ஒரு வீட்டில் கேட்டபோது, எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் தொப்பியை மாட்டிக்கொண்டு தன் பிக்கப்பில் முன்னால் போனார். சாவி அவரிடம்தான் இருந்தது. கதவைத் திறந்தவர், “முதலில் கொஞ்சம் சும்மா நில்லுங்கள், அப்புறம் எடுக்கலாம்” என்றார். நின்றேன். மெழுகும் பழைய மரமும் கலந்த வாசனை. சுவரில் புனிதர் படங்கள்மேல் பின்னல் வேலை செய்த துணிகள் தொங்கின. அவருக்கு ஞானஸ்நானம் அங்கேதான் நடந்ததாம். அதற்குப் பிறகு நான் எடுத்த படங்களில் அவசரம் இல்லை, அது எனக்கே தெரிந்தது.

உள்ளே போனால் தொப்பியைக் கழற்றுங்கள். பீடத்தை மறைத்து நிற்கும், புனிதர் படங்கள் கொண்ட தடுப்புக்குப் பின்னால் போகக் கூடாது. பிளாஷ் வேண்டாம். உண்டியல் இருந்தால் ஏதாவது போட்டுவிட்டு வாருங்கள், கூரைக்கு வண்ணம் அடிக்க அவர்களுக்கு அந்தப் பணம்தான்.

வயலுக்குள் இறங்க வேண்டாம். அறுவடை நடக்கிற காலம், அவர்களுக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். செருப்பிலும் டயரிலும் ஒட்டும் மண் வழியாகப் பயிர் நோயும் ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் போகும். டிரோன் வைத்திருப்பவர்கள் 250 கிராம், அதற்கு மேல் எடை என்றால் பதிவும் விமானி சான்றிதழும் வேண்டும். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கல்லறைக்கு மேல் பறக்கவிடாதீர்கள்.

படம் எடுப்பது

விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. போனே போதும், ஆனால் பெரும்பாலும் அதன் டெலி லென்ஸை, அதாவது தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டுவதை, பயன்படுத்துங்கள். பக்கத்தில் நின்று அகலக் கோணத்தில் நிமிர்த்தி எடுத்தால் சுவர்கள் பின்னால் சாய்கிற மாதிரி வரும், குவிமாடம் சுருங்கிவிடும். நூறடி பின்னால் போங்கள். கேமராவை மட்டமாகப் பிடித்து, 70 முதல் 100 மில்லிமீட்டர் அளவில் எடுங்கள். கட்டடம் நிமிர்ந்து நிற்கும்.

அப்புறம் இன்னும் பின்னால் போங்கள். நிஜமாகவே கால் மைல் போங்கள். அகாசிஸ் என்ற பனிக்கால ஏரி வற்றிய படுகை இது, அதனால்தான் இவ்வளவு தட்டை. சட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு வானமும் புல்லும், மீதியில் விரல் நகம் அளவுக்குத் தேவாலயம் என்று ஒரு படமாவது எடுங்கள். இங்கே வந்து சேர்ந்தவர்கள் எவ்வளவு பெரிய வெறுமைக்குள் வந்தார்கள் என்பது அந்தப் படத்தில்தான் தெரியும்.

வெள்ளைச் சுவர் சட்டத்தை நிறைத்தால் கேமரா ஏமாந்து சாம்பல் நிறமாக்கிவிடும், வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) அரை அல்லது முக்கால் ஸ்டாப் கூட்டுங்கள். பின்னால் கருத்த மேகமும் சுவரில் வெயிலும் இருந்தால் நேர்மாறு, குறைக்க வேண்டும். தகரக் குவிமாடத்தில் வெயில் பட்டு விவரம் தொலைந்துபோகிறதா என்று, வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தனிக் கேமரா என்றால் துளை அளவு எஃப் 8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, பதப்படுத்தாத ரா கோப்பு. லென்ஸ் முன்னால் போலரைசர் வடிகட்டி மாட்டினால் மஞ்சள் இலையின் மினுமினுப்பு அடங்கி நிறம் ஏறும். ஆனால் அகலக் கோணத்தில் போட்டால் வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கருநீலத் திட்டு விழும், அப்போது கழற்றிவிடுங்கள். காற்று பலமாக இருக்கும். முக்காலியின் நடுக்கொக்கியில் பையைத் தொங்கவிட்டு, கால்களைக் குட்டையாக வையுங்கள்.

நடக்கும்போது பேன்ட்டைச் சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள். தென்கிழக்கு மானிடோபாவில் லைம் நோய் பரப்பும் உண்ணிகள் உண்டு, குளிர் வந்துவிட்டது என்று அவை ஓய்வதில்லை, இலையுதிர் காலத்திலும் கடிக்கும். வீட்டுக்குப் போனதும் உடம்பை முழுக்கச் சோதியுங்கள். வேட்டைக் காலமும் தொடங்கியிருக்கும் என்பதால் ஆரஞ்சு நிறத் தொப்பியோ மேல்சட்டையோ போட்டுக்கொள்வது நல்லது.

சாப்பாடு

கையில் எடுத்துப் போங்கள். எலுமிச்சை சாதமும் பிளாஸ்கில் டீயும் அந்தக் காற்றில் தனி ருசி.

ஆனால் சனி, ஞாயிறு என்றால் ‘ஃபால் சப்பர்’ எங்கேயாவது நடக்கிறதா என்று கட்டாயம் விசாரியுங்கள். அறுவடை முடியும் சமயத்தில் கிராமத்துச் சமூகக் கூடங்களிலும் தேவாலயக் கூடங்களிலும் ஊரே சேர்ந்து சமைத்துப் போடும் சாப்பாடு இது. வாசலில் காசு கொடுத்தால் யாரும் உட்காரலாம். வான்கோழி, உருளைக்கிழங்கு வைத்து, கொழுக்கட்டை போல் செய்யும் பெரோகி, முட்டைக்கோஸ் இலையில் சோறு சுருட்டிய ஹொலுப்சி, அப்புறம் பூசணி பை. நீள மேசையில் யார் பக்கத்திலோ உட்கார வைப்பார்கள். எந்தத் தேவாலயம் எப்போது திறக்கும், சாவி யாரிடம் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது இந்த மேசைகளில்தான். சைவம் என்றால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், பெரோகி எப்படியும் இருக்கும்.

இருட்டிய பிறகு

சூரியன் மறைந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் இருங்கள். கிழக்கு வானம் நீலமும் ரோஜா நிறமும் கலந்து வரும், வெள்ளைச் சுவர் அந்த நிறத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். வாத்துக் கூட்டம் கத்திக்கொண்டு தெற்கே போகும். நிலா இல்லாத இரவு என்றால் பால்வீதி வெறும் கண்ணுக்கே தெரியும். துருவ ஒளி அதிகம் தெரியும் காலங்களில் இதுவும் ஒன்று, அதனால் வடக்கேயும் திரும்பிப் பாருங்கள். முக்காலியில் 10, 15 விநாடி, ஐஎஸ்ஓ 3200, லென்ஸை முழுக்கத் திறந்து வைத்துத் தொடங்கிப் பாருங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், இரண்டாவதை உள்பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். வண்டிக்குள் ஏறும் முன்னால் கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் ஈரம் படியும்.

திரும்பும்போது மெதுவாகவே ஓட்டுங்கள். மான்கள் அந்தி நேரத்தில்தான் சாலைக்கு வரும். ஒன்று தாண்டினால் பின்னால் இன்னொன்று வருகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு வீடு திரும்புவீர்கள் என்று காலையிலேயே யாரிடமாவது சொல்லி வைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்து முடித்ததும் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எட்டுக்குப் பத்து அங்குலத்தில் தாளில் அச்செடுத்து, உங்களுக்குக் கதவு திறந்துவிட்டவருக்குத் தபாலில் அனுப்புங்கள். தேதியையும் உங்கள் பெயரையும் படத்தின் பின்பக்கம் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.